ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கேஸா?

"தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஜெயில்தான், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு, அதுவும் உயிரைக் குடிக்கிற தவறு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆவது பிரிவு இருந்தது உண்மைதான். ஆனால் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் அரசின் கடமை என்று சொல்லிவிட்டது. அந்தப் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 309 மாதிரிப் பொதுப் பிரிவே கிடையாது. (அரசு ஊழியரைப் பணியவைப்பதற்காகத் தற்கொலைக்கு முயன்றால் 226ஆவது பிரிவு வரும், அது வேறு கதை.) ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போகலாம், சரி, அதனாலேயே முயன்றவருக்கு ஜெயில் என்று ஆகிவிடாது. முதலில் 108க்கு அடியுங்கள். அப்புறம், மனசு தாங்காமல் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும், தமிழிலேயே, காசில்லாமல்.