பூங்காவில் குழந்தைகளுக்கும் இடம் வேண்டும்

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சென்னையில் பள்ளி விட்டு வந்த பிள்ளை, டியூஷனுக்குக் கிளம்புவதற்குள் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் எங்கே போய் ஓடும்? தெருவின் இருபுறமும் கார்கள் நிற்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தரைத்தளம் முழுவதும் வண்டி நிறுத்துமிடமாகிவிட்டது. மிஞ்சுவது, நடந்து போகும் தூரத்தில் ஒரு பூங்கா இருந்தால் அதுதான்.

உடல் பருமனைப் பற்றிப் பேசும் அளவுக்குக் கண்ணைப் பற்றி நாம் பேசுவதில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், பாதிப் பள்ளிகளில் மட்டும் தினமும் கூடுதலாக 40 நிமிடம் பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். மூன்றாண்டுகளில் அந்தப் பள்ளிகளில் கிட்டப்பார்வை புதிதாக வந்தவர்கள் ஏறத்தாழ 30 சதவீதம். மற்றப் பள்ளிகளில் ஏறத்தாழ 40 சதவீதம். பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்து, கண்கோளம் அளவுக்கு மீறி நீண்டு கிட்டப்பார்வை வருவதைத் தடுக்கிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் முக்கியமான விளக்கம். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வீட்டு விளக்கொளி சில நூறு லக்ஸைத் தாண்டுவது அரிது. பகலில் மர நிழலிலோ பல ஆயிரம் லக்ஸ் வரை கிடைக்கும். நம் ஊர் வெயிலுக்கு இது பெரிய ஆறுதல், ஏனெனில் பிள்ளை வெயிலில் காய வேண்டியதில்லை, புங்கை மரத்தடியில் விளையாடினாலே போதும்.

ஆனால் நம் பூங்காக்கள் யாரை மனத்தில் வைத்து அமைக்கப்படுகின்றன? எங்கள் பகுதிப் பூங்காவில் நடைபாதையும் உடற்பயிற்சிக் கருவிகளும் போக மிஞ்சிய மூலையில் ஓர் இரும்புச் சறுக்கு மரமும், ஒரு பக்கச் சங்கிலி அறுந்த ஊஞ்சலும் இருக்கின்றன. கோடையில் மாலை நான்கு மணிக்கு அந்தச் சறுக்கு மரத்தின் மேலேறிய ஒரு சிறுமி, உள்ளங்கையால் தகட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வந்த படியிலேயே இறங்கிப் போனாள். புல்தரையில் ‘பந்து விளையாடக் கூடாது’ என்ற பலகை. சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்கு நடைப்பயிற்சி அவசியம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் குறுக்கே ஓடும் குழந்தையை அதட்டி உட்கார வைக்கும் இடத்தைப் பூங்கா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மயிலாப்பூரில் நாகேசுவரராவ் பூங்காவும் தியாகராய நகரில் நடேசன் பூங்காவும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த வரம். வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ ஒற்றை அறை வீட்டில் வளரும் பிள்ளைக்குத்தான் வெளியே ஓர் இடம் இன்னும் அதிகமாகத் தேவை. பேருந்து ஏறி, நுழைவுக் கட்டணம் செலுத்திப் பார்க்கும் பெரிய பூங்கா விடுமுறை நாளுக்குச் சரி. தினசரி விளையாட்டுக்கு அது உதவாது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுமானத் திட்டம் போடுவோர் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளிக்காக ஒப்படைக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் விதி. அவ்வாறு வந்த, ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) எனப்படும் நிலங்கள் ஒவ்வொரு வார்டிலும் எங்கே இருக்கின்றன, அவற்றின் வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது என்பதைப் பெற்றோர் கேட்டறிய வேண்டும்.

2022 முதல் நகரில், அந்தந்தப் பகுதி மக்கள் கூடித் தங்கள் தேவைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அடுத்த கூட்டத்தில், சறுக்கு மரத்துக்கு மேல் நிழற்கூரையும், பள்ளி விடுமுறை நாட்களில் நண்பகலிலும் திறந்திருக்கும் வாசலும், பந்து விளையாடத் தனியே ஒரு திட்டும் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். எங்கள் வார்டில் இருப்பவர்கள், குறிப்பாகச் சிறு பிள்ளைகளின் பெற்றோர், உடன் வந்து கையெழுத்திடுங்கள். தேதி தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.