பிரதமருக்கு நீங்கள் ஓட்டுப் போட்டதே இல்லை

ஞாயிற்றுக்கிழமை வினாடி வினாவில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மறுபடி கதை சொல்லப் போவதில்லை. "பிரதமரை நியமிப்பவர் யார்?" என்ற கேள்விக்கு "குடியரசுத் தலைவர்" என்று போட்டியில் கலந்துகொண்ட பிள்ளை சொன்னது சரி. நூற்றுக்கு நூறு சரி. "ஜனநாயக நாடு கண்ணு, மக்கள்தான் நியமிக்கறாங்க" என்று நடுவர் மைக்கில் சொன்னது தப்பு. அதற்கு மண்டபமே கைதட்டியது பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அரசியலமைப்புச் சட்டம் 75-வது பிரிவைத் திறந்தால் முதலில் இருப்பதே இதுதான். பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். மற்ற அமைச்சர்களைப் பிரதமரின் ஆலோசனைப்படி நியமிப்பார். நாம் போடுவது நம் தொகுதி எம்.பி.க்கான ஓட்டு. ஈரோட்டில் பிரதமருக்கு ஓட்டுப் போட்டேன் என்பவர், மெஷினில் எந்தப் பட்டனை அமுக்கினார் என்று காட்டட்டும்.

"அப்படின்னா ஜனாதிபதி இஷ்டத்துக்கு யாரை வேணும்னாலும் உட்கார வைக்கலாமா?" என்று கேட்பீர்கள். முடியாதுங்க. மக்களவையின் ஆதரவு யாருக்கு இருக்குமோ அவரைத்தான் அழைக்க வேண்டும். மொத்தம் 543, பாதியைத் தாண்ட 272. யாருக்கும் அது தெளிவாக இல்லாதபோதுதான் ஜனாதிபதியின் கணிப்புக்கே வேலை. 1996-ல் 161 இடம் பிடித்த பா.ஜ.க.வைத் தனிப்பெரும் கட்சி என்று அப்போதைய ஜனாதிபதி சங்கர் தயாள் சர்மா அழைத்தார். வாஜ்பாய்க்கு ஆதரவு சேரவில்லை, 13 நாளில் வாக்கெடுப்புக்கு முன்பே ராஜினாமா. அடுத்து வந்த தேவகவுடா பதவியேற்றபோது எம்.பி.யே இல்லை! கர்நாடக முதல்வராக இருந்தவர். ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு அவைக்கு உறுப்பினராகிவிட்டால் போதும் என்பதால் மாநிலங்களவைக்குப் போனார். மன்மோகன் சிங் பத்து வருஷமும் மாநிலங்களவையில் இருந்துகொண்டேதான் பிரதமர். இவர்களையெல்லாம் எந்த ஊர் மக்கள் நியமித்தார்கள்? நடுவர் ஐயா சொன்னால் தெரிந்துகொள்கிறேன்.

எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. 1999 ஏப்ரல் 17 அன்று மஞ்சள் மண்டிக்குப் போகாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். மறுபடி பிரதமராகியிருந்த வாஜ்பாய் அரசு மீது மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 269, எதிர்ப்பு 270 என்று வந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "ஒத்த ஓட்டுல போயிருச்சா? அது எந்தூர்க்காரன்ற ஓட்டு சாமி?" ஒரிசா முதல்வரான பிறகும் எம்.பி. பதவியை விடாமல் வந்து ஓட்டுப் போட்ட கிரிதர் கமாங்கைத்தான் அப்போது எல்லாரும் கை காட்டினார்கள். உள்ளே இருக்கும் எம்.பி.க்களின் கையில்தான் பிரதமர் நாற்காலி என்பது மஞ்சள் விற்ற அப்புச்சிக்குப் புரிந்தது. பொன்னாடை வாங்கிய நடுவருக்குப் புரியவில்லை.

"சட்டம் கிடக்கட்டும், தலைவர் முகத்தைப் பார்த்துத்தானே எல்லாரும் ஓட்டுப் போடறாங்க?" சரி, போடுகிறார்கள். யார் இல்லையென்றது? கேட்டது சட்டக் கேள்வி, ஐயா.

இன்னொரு கூட்டம், "ஒரு மார்க்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, இவன் அந்தக் கட்சி ஆளு" என்கிறது. பத்து வருஷமாக என் வீட்டில் காபி குடித்தவரும் அதில் லைக் போட்டிருக்கிறார். பார்த்தேன். பரவாயில்லை.

நீங்கள் இப்படிக் கைதட்டுவதால்தான் எம்.பி. யாரென்றே தெரியாமல் ஓட்டுப் போடுகிறோம். இப்போதைய ஈரோடு மக்களவைத் தொகுதியே 2009 தேர்தலில்தான் வந்தது; அதற்கு முன் கோபி என்றும் திருச்செங்கோடு என்றும் இருந்தது. அந்தக் காலத்து எம்.பி.க்கள் இரண்டு பேர் பெயரை யோசிக்காமல் சொல்லுங்கள் பார்ப்போம். சாயக்கழிவுக்கும் நூல் விலைக்கும் டெல்லியில் வாய் திறக்க வேண்டியது அந்த ஆள்தானே?

ஒரு தேர்தலில் எங்கள் தெருவுக்கு வந்த வேட்பாளரிடம் நூல் விலையைப் பற்றிக் கேட்டேன். "எங்க தலைவர் பிரதமர் ஆயிட்டா எல்லாம் சரியாயிருமுங்க" என்றார். "அதுக்கு முன்னால நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றேன். கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். எந்தக் கட்சி என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.