முதல் துப்பாக்கி வாங்கிக் கொடுக்கும் மாமாக்களுக்கு

அந்தப் பிறந்தநாள் வீடியோவைப் பற்றி மேற்கொண்டு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி வரை வந்த பதில்களைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மாமா பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த துப்பாக்கியை எட்டு வயதுப் பையன் தன் தங்கச்சி பக்கம் நீட்டி "கையத் தூக்கு" என்கிறான், அதுதான் வீடியோ. பார்க்காதவர்கள் தேட வேண்டாம், அதில் குழந்தைகளின் முகம் இருக்கிறது. நான் அதன் கீழே எழுதியது ஒரே ஒரு வரி. "குழலைத் தங்கச்சி பக்கத்துலேர்ந்து திருப்பச் சொல்லுங்க." அவ்வளவுதான். அதற்கு "இன்னா இப்போ, அதுல குண்டா இருக்குது?" என்று ஆரம்பித்து, "மிலிட்டரிக்காரர் பொண்ணு, அப்படித்தான் பேசும்" என்பது வரை வந்துவிட்டார்கள்.

குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழல் ஆள் பக்கம் போகக்கூடாது. எத்தனை பேர் கோபித்துக்கொண்டாலும் இதைத்தான் சொல்வேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அந்தப் பையன் கையில் இருந்தது பொம்மை இல்லை. ஏர் கன், காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி. 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர் பெல்லட், சின்ன ஈயக் குண்டு, போட்டுச் சுடுவது. போட்டியில் சுடும் ஏர் ரைஃபிளிலேயே பெல்லட் நொடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர் வேகத்தில் போகும். கண்ணில் பட்டால் கண் போய்விடும். "லைசென்ஸ் வேணாம்னு கடைக்காரரே சொன்னாரு" என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, 2016 ஆயுத விதிகளின்படி குழல் அளவு 0.177 அங்குலத்துக்கு மிகாமல், சுடும் சக்தி 20 ஜூலுக்கு மிகாமல் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லைதான். லைசென்ஸ் தேவைப்படாதது எல்லாம் எட்டு வயதுப் பையன் கையில் கொடுக்கக்கூடிய சாமான் ஆகிவிடுமா? அரிவாளுக்கும்தான் லைசென்ஸ் கிடையாது.

எங்கள் வேலூர்ப் பக்கம், கணியம்பாடி, கம்மவான்பேட்டை எல்லாம் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போனவர்கள் இருக்கிற இடம். எங்கள் நைனாவும் அப்படிப் போனவர்தான். ஒரு தீபாவளிக்கு அவர் லீவில் வந்திருந்தபோது என் தம்பி ரோல் கேப் துப்பாக்கியை எங்கள் அத்தை முகத்துக்கு நேராகப் பிடித்து 'டப்பு டப்பு' என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அத்தையும் சிரித்தது. நைனா ஒன்றும் பேசாமல் எழுந்து வந்து அதை வாங்கிப் பரண்மேல் போட்டார், அடுத்த தீபாவளி வரைக்கும் அது கீழே இறங்கவில்லை. பாட்டிகூட "பொம்மைக்குப் போய் பையன அழ வைக்கிறியே" என்று அவரைத் திட்டியது. அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "பொம்மையில திருப்பாதவன்தான் நெசத்துலயும் திருப்ப மாட்டான்." பட்டாளத்தில் 'ஜாஞ்ச் சஸ்த்ர', அதாவது ஆயுதத்தைச் சோதனைக்குக் காட்டு, என்று கட்டளை வந்தால் எவ்வளவு பெரிய சிப்பாயாக இருந்தாலும் தன் துப்பாக்கி காலியாக இருப்பதைக் காட்டியாக வேண்டும். "நான் பார்த்துட்டேன், காலிதான்" என்ற பேச்சே அங்கே எடுபடாது. பயிற்சி பெற்ற ஆளுக்கே இந்த நிலை என்றால் பிறந்தநாள் கேக் வெட்டிய கையோடு துப்பாக்கி வாங்கின குழந்தைக்கு?

"அப்போ சிரசுத் திருவிழாவுல பலூன் சுடுற கடையையும் மூடச் சொல்லுவியா?" என்று, அந்தத் திருவிழா நடக்கும் குடியாத்தத்திலிருந்து ஒரு அண்ணன் கேட்டார். அண்ணா, அந்தக் கடைக்காரரைப் போய்ப் பாருங்கள். துப்பாக்கியை அவரே ஏற்றித் தருவார், குழல் பலகையைப் பார்த்துத்தான் இருக்கும். பையன் அதைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினால் முதல் ஆளாகக் கையைப் பிடிப்பவர் அவர்தான். அவருக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இன்னொருவர், பெயர் சொல்லவில்லை, எங்கள் சொந்தக்காரர்தான், எழுதியது: "உன் பொண்ணு மட்டும் ரைஃபிள் புடிக்கலாம், ஊரான் புள்ள புடிக்கக் கூடாதா?" இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆமாம், என் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள், பத்து மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கைச் சுடும் போட்டி. எப்படி ஆரம்பித்தாள் என்று யாராவது கேட்டீர்களா? கிளப்பில் சேர்ந்த புதிதில் அவள் கையில் பெல்லட்டே கொடுக்கவில்லை. வெறும் ரைஃபிளைத் தாங்கிமேல் வைத்து நிற்பது, மூச்சு விடுவது, விரலை ட்ரிகருக்கு வெளியே வைத்துக்கொள்வது, இதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள். சுடாத நேரத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கொடிக் கயிறு போய் வெளியே தெரிய வேண்டும். அதைப் பார்த்தால்தான் மற்றவர்களுக்கு அது காலி என்று தெரியும். 'லோட்' என்று சொல்லாமல் பெல்லட் ஏற்றக்கூடாது, 'ஸ்டாப்' என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். முன்னால் ஆள் போனால் ரைஃபிளைத் தொடவே கூடாது. முடித்துவிட்டுச் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஏனென்றால் பெல்லட் ஈயம். அந்த இலக்கில் பத்துப் புள்ளி என்பது வெறும் அரை மில்லிமீட்டர் பொட்டு, அதற்காக அந்தப் பிள்ளை அசையாமல் நின்று கற்றுக்கொள்வதும், சோபாவில் உட்கார்ந்து "கையத் தூக்கு" என்பதும் உங்களுக்கு ஒன்றாகத் தெரிகிறதா?

அந்த வீடியோவில் ஒன்றை யாருமே கவனிக்கவில்லை. அந்தப் பாப்பா சிரிக்கவில்லை. அண்ணன் சொன்னதும் கையைத் தூக்கிவிட்டு அம்மாவைப் பார்க்கிறது, அம்மா போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார், மாமா கைதட்டுகிறார். பயந்த குழந்தையைப் பார்த்து ஒரு அறையே சிரிக்கிறது. பையன்கள் இப்படித்தான் இருப்பார்கள், பெண் பிள்ளைகள்தான் பொறுத்துப் போக வேண்டும் என்று அன்றைக்கே அந்த இரண்டு குழந்தைகளுக்கும் பாடம் எடுத்தாகிவிட்டது. என் மகளைக் கிளப்பில் சேர்த்தபோது "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குத் துப்பாக்கி" என்று கேட்டதும் இதே ஆட்கள்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்குக்கும் போனார். 2024 பாரிஸில் மனு பாக்கர் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் வாங்கினார். அப்போது ஸ்டேட்டஸ் வைத்தீர்களே, இப்போது என் பிள்ளை என்றால் மட்டும் ஏன் கசக்கிறது?

"தோட்டத்துல குருவி, கிளி சுடத்தான் வாங்குனது" என்று பெருமையாகச் சொன்னவருக்கு ஒரே பதில்தான். கிளி, கொக்கு, கவுதாரி எதைச் சுட்டாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜவ்வாது மலைப் பக்கம் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டால் அந்த ஏழைகளைத் திட்டுகிறோம், மாடித் தோட்டத்தில் நாம் செய்தால் பொழுதுபோக்கா?

கோபமாக எழுதியதாக நினைக்க வேண்டாம். இன்பாக்ஸில் மரியாதையாக ஒரு அக்கா கேட்டார், "அப்போ எட்டு வயசுக்கு எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" என்று. அக்கா, எட்டு வயதுக்கு எதுவும் வாங்க வேண்டாம். குழலை மடித்து ஏற்றும் ரகத்துக்கு நல்ல கைபலம் வேண்டும், பலம் போதாத பிள்ளை அதை வயிற்றில் முட்டுக்கொடுத்து மடிக்கப் பார்க்கும், அப்போது குழல் எங்கே பார்க்கும் என்று யோசித்துப் பாருங்கள். போட்டி ரைஃபிள் ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம், சின்ன உடம்பு அதற்குத் தாங்காது, முதுகைப் பின்னால் வளைக்கும். பத்து பன்னிரண்டு வயதில் பிள்ளைக்கே ஆசை இருந்தால், சொன்னதைக் கேட்கும் பொறுமையும் இருந்தால், பயிற்சியாளர் இருக்கிற இடத்துக்குக் கூட்டிப் போங்கள், அங்கே இருக்கிற ரைஃபிளிலேயே சுடட்டும். ஆசை நிலைத்தால் பிள்ளையின் தோளுக்கும் கை நீளத்துக்கும் பொருந்துகிற கட்டை (தோளில் வைத்துப் பிடிக்கும் பகுதி) உள்ள ரைஃபிளாக அவரிடமே கேட்டு வாங்கலாம். வாங்கினால் ரைஃபிள் ஒரு பீரோவில், பெல்லட் டப்பா வேறொரு பீரோவில், சாவி இரண்டும் உங்களிடம். இப்போதே கையில் காசு இருந்து ஏதாவது வாங்கித்தான் தீர வேண்டும் என்றால், கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு வாங்குங்கள், ஒன்று பிள்ளைக்கு, ஒன்று பக்கத்தில் நிற்கப்போகும் உங்களுக்கு.