மெதுவான கார் வேறு, மோசமான கார் வேறு

மோசமான சிக்கனக் கார்களைப் பட்டியலிட்ட ஒரு கட்டுரையில் யூகோஸ்லாவியாவின் யூகோ காருக்கு முதலிடம் தந்த கட்டுரையாளர், பிரான்சின் சிட்ரோன் 2சிவி காரையும் அதே பட்டியலில் தள்ளியிருப்பது அநியாயம். 1948-இல் அறிமுகமானபோது அதற்கு 375 சிசி எஞ்சின், வெறும் 9 குதிரைத்திறன். மேடு ஏறத் திணறும், உண்மைதான். ஆனால் உழுத வயலில் ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டை உடையக்கூடாது என்று வடிவமைத்த சஸ்பென்ஷன் ஐயா அது!

கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் 601 காரை அந்தப் பட்டியலில் சேர்க்க எப்படி மறந்தார்? 26 குதிரைத்திறன், புகை கக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், பானெட்டுக்கு அடியிலேயே பெட்ரோல் டேங்க். பெரும்பாலானவற்றில் பெட்ரோல் முள்கூடக் கிடையாது. குச்சியை விட்டுத்தான் அளவு பார்க்கவேண்டும். 1964 முதல் 1990 வரை பெரிய மாற்றமில்லாமல் இதையே தயாரித்தார்கள். அதற்கும் மக்கள் பல ஆண்டுகள் வரிசையில் காத்திருந்தார்கள்!

யூகோவைத் திட்டியவர்களில் பாதிப்பேர் எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை (அறுந்தால் எஞ்சினே பாழாகும்) உரிய காலத்தில் மாற்றாதவர்களாக இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.