நெறி கட்டினாலே புற்றுநோயா?

“கழுத்தில் வலிக்காத நெறிக்கட்டு என்றால் புற்றுநோய்தான், ஊசி குத்திப் பார்த்தால் பரவிவிடும்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

நெறி என்பது வீங்கிய நிணநீர் முடிச்சு, அதாவது கிருமிகளை எதிர்க்கும் செல்கள் குவிந்திருக்கும் சிறு உறுப்பு. சொத்தைப் பல், தொண்டைப் புண், ஏன், பேன் கடித்துச் சொறிந்த புண்ணுக்குக்கூட நெறி கட்டும். வலிக்காத கட்டிக்கு இந்தியாவில் முக்கியக் காரணம் காசநோய். காசநோய்க் கட்டியின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் பாலாடைக்கட்டி போலச் செத்த திசுவும், உட்கருக்கள் ஓரமாக வளைந்து நிற்கும் ராட்சத செல்களும் தெரியும். பெரும்பாலும் 6 மாத மருந்தில் சரியாகிவிடும்.

சாதாரணத் தொற்றில் நிணநீர் முடிச்சின் முளை மையங்கள் (எதிர்ப்புச் செல்கள் பெருகும் வட்டமான பகுதிகள்) பெரிதும் சிறிதுமாக இருக்கும், நடுவே செத்த செல்களை விழுங்கும் மேக்ரோபேஜ் என்ற செல்கள். ஃபாலிகுலர் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலோ இப்படிப்பட்ட வட்டங்கள் ஏறக்குறைய ஒரே அளவில் நெருக்கியடித்து நிற்கும். அப்புறம், ஊசிப் பரிசோதனையால் புற்று பரவுவது மிக மிக அரிது. இந்தப் பயத்தில் அதைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. 4 வாரம் தாண்டியும் கட்டி வடியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.