கறுப்பு வெள்ளைக் கடற்கரை வரைபடம் என்றால் போலியா?

"1600-களின் கடற்கரை வரைபடங்கள் வண்ணத்திலேயே அச்சானவை, வண்ணம் இல்லாதது போலி" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

அக்காலத்தில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட வரைபடங்கள் பெரும்பாலும் கறுப்பு மையில்தான் அச்சாயின. வண்ணம் பிறகு கையால் தீட்டியது. அது தனித் தொழில். புகழ்பெற்ற வரைபடத் தயாரிப்பாளர் ஓர்ட்டேலியஸே 1547-இல் ஆன்ட்வெர்ப் நகரக் கலைஞர் சங்கத்தில் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுபவராகத்தான் சேர்ந்தார். டச்சு மாலுமி வாகனேர் 1584-இல் வெளியிட்ட கடல் வரைபடத் தொகுப்புக்கு வண்ணப் பிரதியும் உண்டு, வண்ணமில்லாப் பிரதியும் உண்டு.

கரையோரத்தைச் செம்பில் இடவலம் மாற்றிச் செதுக்கி, கோட்டுப் பள்ளத்தில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளோடு சேர்த்து உருளைகளுக்கு நடுவே அழுத்துவார்கள். அதனால் தகட்டின் விளிம்பு தாளில் பதியும், மை மயிரிழை மேடாக நிற்கும். வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் தெரியும். (ஓரம் வெட்டிய தாளில் விளிம்புத் தடம் இருக்காது.) பத்து மடங்கு லென்ஸில் வண்ணம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அதுதான் பிற்கால நகல். கையால் தீட்டியதில் வண்ணம் அங்கங்கே கரைக்கோட்டைத் தாண்டியிருக்கலாம். செம்பிலிருந்து செய்த பச்சை வண்ணம் பூசிய இடத்தில் தாளின் பின்புறம் பெரும்பாலும் பழுப்பேறியிருக்கும்.

அதிகாரபூர்வமான வரைபடம் என்றால் வண்ணத்தில் அச்சாகியிருக்கும் என்பதும் சரியல்ல. 1600-களில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி தன் முக்கியமான வரைபடங்களை அச்சிடவே இல்லை. கையால் வரைந்து மாலுமிகளிடம் கொடுத்து, பயணம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டது.

அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இத்தகைய வரைபடங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அந்தத் தகவலை இனி பகிர வேண்டாம். அதை நம்பி, வீட்டில் இருக்கும் பழைய தாளுக்கு வண்ணம் பூசிவிடவும் வேண்டாம்.