மெக்கன்சி ஆற்றின் நீளம் 4,241 கிலோமீட்டரா?

கனடாவின் வடக்கே ஓடும் மெக்கன்சி ஆற்றைப் பற்றி ஒரு தகவல் சுற்றுகிறது: "இதன் நீளம் 4,241 கிலோமீட்டர். இதைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் மெக்கன்சி தன் பெயரையே சூட்டினார்." இரண்டுமே தவறு.

முதலில் நீளம். மெக்கன்சி என்ற பெயர் கிரேட் ஸ்லேவ் ஏரியில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து ஆர்க்டிக் பெருங்கடலின் பியூஃபோர்ட் கடல் வரை ஏறத்தாழ 1,740 கிலோமீட்டர்தான். அப்புறம் 4,241 எங்கிருந்து வந்தது? ஏரிக்கு மேலே போய்ப் பாருங்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் பிறக்கும் ஃபின்லே, அதைத் தொடரும் பீஸ், ஏரிக்குள் விழும் ஸ்லேவ் என்று மூன்று ஆறுகள். இவற்றையும் சேர்த்து அளந்தால் வரும் கணக்கு அது. அதை 'மெக்கன்சி ஆற்று அமைப்பின் நீளம்' என்று எழுதினால் சரி.

பெயரும் அலெக்சாண்டர் மெக்கன்சி வைத்ததல்ல. 1789-இல் அவர் இதில் இறங்கியது பசிபிக்கை அடையலாம் என்ற நம்பிக்கையில். ஏரியை விட்டதும் ஆறு மேற்கு நோக்கிப் போவதால் அப்படித் தோன்றும். கேம்செல் வளைவில் மலைத்தொடரை ஒட்டி வடக்கே திரும்பிவிடும். ஜூலையில் அவர் ஆர்க்டிக் கடலோரத்தை எட்டினார். அவர் பெயர் ஆற்றுக்கு வந்தது பிற்பாடுதான்.

'கண்டுபிடித்தார்' என்பதையும் ஏற்க முடியாது. அவருக்கு முன்பே இதன் கரையோரம் வாழ்ந்துவந்த டெனே பழங்குடி மக்கள் இதை டெ சோ என்கிறார்கள். மெக்கன்சிக்கு வழிகாட்டியவர்களும் பழங்குடியினரே.